மருமகளுக்குத் தொண்ணூற்றாறு, மாமியாருக்குப் பதினெட்டு

போன மாதம் சர்க்கரை அளவைப் பார்த்துக்கொள்வதற்காக, முப்பது வருடத்துக்கு மேல் நான் வேலை பார்த்த ஆஸ்பத்திரிக்கே போயிருந்தேன். வரிசையில் உட்கார்ந்திருந்தபோது பக்கத்தில் இருந்த பெண்ணின் கையில் ஒரு புதுச் சீட்டைப் பார்த்தேன். மூட்டு வாதத்துக்கு வருகிறவர்களுக்கு இப்போது தனிச் சீட்டாம். பெயர், வயது, எந்தெந்த மூட்டில் வலி என்பதற்கெல்லாம் கீழே இரண்டு கட்டங்கள் அச்சடித்திருந்தார்கள். தூக்கம் எப்படி? வீட்டிலோ வேலையிலோ மன அழுத்தம் உண்டா? நான் அதைப் படித்துவிட்டுச் சத்தமாகச் சிரித்துவிட்டேன். லேபில் இப்போது இருக்கும் பெண்கள் என்ன மேடம் விஷயம் என்று பிடித்துக்கொண்டார்கள். டீ ஆறுவதற்குள் சொல்லி முடிக்கிற விஷயம் இல்லை, எழுதித் தருகிறேன் என்று சொல்லிவிட்டு வந்தேன். அதுதான் இது.

என் பெயர் ஸ்டெல்லா. சொந்த ஊர் வரதராஜன்பேட்டை. திருச்சியில் இரண்டு வருடம் லேப் டெக்னீஷியன் படித்தேன். முதல் நாள் ரத்தம் எடுத்தபோது கொடுத்தவர் நன்றாகத்தான் இருந்தார், எடுத்த நான் மயங்கி விழுந்தேன். அந்தப் படிப்பைப் பற்றி இதற்கு மேல் சொல்ல ஒன்றுமில்லை. படித்து முடித்ததும் பெரம்பலூரிலிருந்து அரியலூர் போகும் சாலையில் இருந்த இந்தச் சின்ன ஆஸ்பத்திரியில் சேர்ந்தேன். ஓய்வு பெறும் வரை அங்கேயே இருந்துவிட்டேன்.

மூட்டு வாதத்துக்கு அப்போது நாங்கள் அதிகம் நம்பியது இ.எஸ்.ஆர். சோதனையைத்தான். ரத்தம் உறையாமல் இருக்க ஒரு திரவத்தைக் கலந்து, ஒரு அடி நீளம் இருக்கும் மெல்லிய கண்ணாடிக் குழாயில் பூஜ்யம் கோடு வரை நிரப்பி, ஸ்டாண்டில் நேராக நிறுத்துவோம். ஒரு மணி நேரத்தில் சிவப்பணுக்கள் கீழே இறங்கும். மேலே வெளிறிய மஞ்சளாக நீர் தெளியும். எத்தனை மில்லிமீட்டர் தெளிந்ததோ அதுதான் எண். உடம்பில் எங்கேயாவது அழற்சி கொதித்துக்கொண்டிருந்தால் ரத்தம் வேகமாக இறங்கும். குழாய் ஒரு பக்கம் சாய்ந்தால் எண் தப்பாகும். வெயில் பட்டாலும் தப்பாகும், மேசை ஆடினாலும் தப்பாகும். எங்கள் வாசலிலோ நாள் முழுக்கச் சுண்ணாம்புக்கல் லாரிகள் போகும். ஒவ்வொரு லாரிக்கும் மேசை நடுங்கும். பின்பக்க அறையில் தரையோடு பதித்த கருங்கல் பலகை ஒன்று இருந்தது. நான் ஸ்டாண்டை அதன் மேல் கொண்டுபோய் வைத்தேன். என் உத்தியோக வாழ்க்கையில் நான் செய்த முதல் கண்டுபிடிப்பு அதுதான்.

டாக்டர் கமலவேணி வந்தபோது எனக்கு நாற்பது வயது இருக்கும். அவர் மதுரைப் பக்கம். குள்ளமான உருவம், குரல் மெல்லியது. கோபம் வந்தால் அந்தக் குரல் இன்னும் மெல்லியதாகிவிடும். அப்போது நாங்கள் எல்லோரும் அவர் பக்கமாகக் குனிந்துதான் திட்டு வாங்க வேண்டும். நோயாளியின் கையை எடுத்து ஒவ்வொரு விரல் கணுவாக, காயில் பட்டாணி இருக்கிறதா என்று தடவிப் பார்ப்பதுபோல அழுத்திப் பார்ப்பார். பிறகு தன் இரண்டு விரலைக் கொடுத்து இறுக்கிப் பிடிக்கச் சொல்வார். அதற்குப் பிறகு மூன்று கேள்விகள் கேட்பார். காலையில் எழுந்ததும் கை மடங்க எவ்வளவு நேரம் ஆகிறது? ராத்திரி தூக்கம் எப்படி? வீட்டில் என்ன நடக்கிறது? பதிலைச் சீட்டின் ஓரத்தில் பென்சிலால் எழுதுவார். மூன்றாவது கேள்வியைக் கேட்கும்போது மட்டும் பேனாவையும் பென்சிலையும் கீழே வைத்துவிடுவார். பதில் வந்த பிறகுதான் எடுப்பார்.

மலர்க்கொடி முதல் தடவை வந்தது அந்தக் காலத்தில்தான். ஆண்டிமடத்துக்குப் பக்கத்துக் கிராமம். வயது இருபத்து நான்கு. முந்திரி உடைக்கும் வேலை. புருஷன் செந்தில் சிமெண்ட் ஆலைக்குச் சுண்ணாம்புக்கல் ஏற்றும் லாரியில் டிரைவர். கல்யாணமாகி மூன்று வருடம், குழந்தை இல்லை. இரண்டு கைக் கணுக்களும் வீங்கி, பழைய வளையல்களில் ஒன்றுகூட ஏறவில்லை. காலையில் கை மடங்க எவ்வளவு நேரம் ஆகும் என்று டாக்டர் கேட்டதற்கு அவள் கொஞ்சம் யோசித்தாள்.

"ஆறே கால் பஸ்சு போறப்ப கை மூடாதுங்க. ஏழரை பஸ்சு திரும்பி வரப்பதான் வாளியப் பிடிக்க முடியும்."

டாக்டர் எழுபத்தைந்து நிமிடம் என்று எழுதிக்கொண்டார். அன்றிலிருந்து எங்கள் லேபிலும் அவளுக்குப் பஸ் கணக்குதான். அன்று அவள் இ.எஸ்.ஆர். எண்பத்து நான்கு. அந்த வயதில் இருபதுக்குள் இருக்க வேண்டியது.

வாரம் ஒரு முறை போடும் மாத்திரையில் ஒரு வருடத்துக்குள் கை நன்றாகவே தெளிந்தது. ஆனால் அந்த மாத்திரை போடும் வரை குழந்தை உண்டாகக் கூடாது. செந்திலையும் அவளையும் உட்கார வைத்து டாக்டர் திட்டம் போட்டார். அந்த மாத்திரையை நிறுத்திவிட்டு, கர்ப்பத்துக்குப் பயமில்லாத வேறு மாத்திரைக்கு மாற வேண்டும். அதற்குப் பிறகு சில மாதம் பொறுக்க வேண்டும். செந்தில் ஆலைக்குக் கல் ஏற்றும் ட்ரிப் கணக்கு மாதிரி விரல் விட்டு எண்ணிக்கொண்டு, சரிங்க என்றான். அடுத்த வருடமே அவள் உண்டானாள்.

அதற்குப் பிறகு நடந்ததை என் கண்ணால் பார்த்திருக்காவிட்டால் நம்பியிருக்க மாட்டேன். நான்காம் மாதம் அவள் லேபுக்கு வந்தபோது கணுக்கள் மெலிந்திருந்தன. ஐந்தாம் மாதம் என் கையைப் பிடித்து அவள் குலுக்கியதில் எனக்கு வலித்தது. எந்தப் பஸ்சுக்கும் அவள் காத்திருக்கத் தேவையில்லாமல் போயிற்று. டாக்டர் சிரித்துக்கொண்டே விளக்கினார். இந்த நோயில் உடம்பைக் காக்க வேண்டிய படை ஆள் தெரியாமல் சொந்த மூட்டையே தாக்குகிறது. கர்ப்ப காலத்தில், வயிற்றில் வளர்கிற குழந்தையை அந்தப் படை தாக்கிவிடாமல் இருக்க உடம்பு அதை அடக்கி வைக்கிறது. அப்போது சுரக்கிற ஹார்மோன்களுக்கு அதில் பெரிய பங்கு உண்டு. எல்லோருக்கும் இப்படி ஆகாது, பலருக்கு ஆகும். மலர்க்கொடிக்கு ஆகியிருக்கிறது.

இந்தச் சந்தோஷத்தில் மண்ணைப் போட்டவள் நான்தான். ஆறாம் மாதம் ரத்தம் எடுத்தபோது இ.எஸ்.ஆர். ஐம்பத்தெட்டு காட்டியது. சாப்பாட்டு நேரம். ஜன்னல் வழியாக அவள் எவ்வளவுக்கா என்று கேட்டாள். "ஏறியிருக்கு" என்று சொல்லிவிட்டு நான் டிபன் பாக்ஸைத் தூக்கிக்கொண்டு போய்விட்டேன்.

பத்து நாள் கழித்து அவள் வந்தபோது முகம் ஒடுங்கியிருந்தது. நோய் திரும்பிவிட்டது, குழந்தைக்கும் வந்துவிடும் என்று நினைத்து, யாரிடமும் சொல்லாமல் சரியாகச் சாப்பிடாமலும் தூங்காமலும் இருந்திருக்கிறாள். வலது கையில் இரண்டு கணுக்கள் மறுபடி வீங்கியிருந்தன. டாக்டர் மூன்றாவது கேள்வியைக் கேட்டதும் எல்லாம் வெளியே வந்துவிட்டது. என்னைக் கூப்பிட்டு அனுப்பினார். குரலைக் கேட்க நான் நன்றாகவே குனிய வேண்டியிருந்தது.

"குழந்தை உண்டானா இ.எஸ்.ஆர். தானா ஏறும் ஸ்டெல்லா. அதை வச்சி நோய் கூடிப்போச்சுன்னு சொல்ல முடியாது. கையைப் பாக்கணும், காலையில எழுந்திருக்கறதைப் பாக்கணும். இதை அந்தப் பொண்ணுக்கு நீங்களே சொல்லுங்க."

நான் வெளியே போய் அவள் பக்கத்தில் பெஞ்சில் உட்கார்ந்து, தப்பு என்னுடையது என்று சொன்னேன். குழாய் கர்ப்பிணிகளிடம் இப்படித்தான் நடந்துகொள்ளும், அது எனக்கே இன்றைக்குத்தான் தெரியும் என்றேன்.  அவள் சிரிக்க ஆரம்பித்தாள். பத்து நாள் சாப்பிடாததற்கும் சேர்த்து எங்கள் கேண்டீனில் நான்கு இட்லி சாப்பிட்டாள். மூன்று வாரத்தில் அந்த இரண்டு கணுக்களும் வடிந்துவிட்டன.

கவலையால்தான் வீங்கியதா என்று டாக்டரிடம் கேட்டேன். அவர் உடனே ஆமாம் என்று சொல்லிவிடுகிற ஆள் இல்லை. சிறுநீரகத்துக்கு மேலே தொப்பி மாதிரி ஒரு சின்னச் சுரப்பி இருக்கிறது, பயம் வந்தால் அதிலிருந்து ஒரு ஹார்மோன் சுரக்கும், கொஞ்ச நேரத்துப் பயம் என்றால் அது அழற்சியை அடக்கத்தான் செய்யும் என்றார். நாள்கணக்கில், மாதக்கணக்கில் கவலைப்பட்டால் அந்த ஹார்மோன் சொல்வதை உடம்பு சரியாகக் கேட்பதில்லை, தூக்கமும் கெட்டால் நோய் கிளம்ப வழி கிடைக்கும். "இந்தப் பொண்ணுக்கு அதனாலதான் வந்துச்சா, தானா வந்துட்டுப் போச்சான்னு என்னால அடிச்சிச் சொல்ல முடியாது. ஆனா இனிமே ஜன்னல் வழியா நம்பர் சொல்லாதீங்க" என்று முடித்தார். அதற்குப் பிறகு நான் சொன்னதில்லை.

வளைகாப்புக்கு என்னையும் கூப்பிட்டிருந்தார்கள். கண்ணாடி வளையல் ஒவ்வொன்றும் தடையில்லாமல் கணுவைத் தாண்டி ஏறியதைப் பார்த்தபோது, செந்தில் பந்தலுக்குப் பின்னால் போய் நின்று கண்ணைத் துடைத்துக்கொண்டான். அங்கேதான் அவன் அம்மா அஞ்சலையை முதலில் பார்த்தேன். உயரமான பெண்மணி, கட்டை விரல் நகம் அளவுக்கு மூக்குத்தி. அறுபது வயதிலும் இரண்டு குடம் தண்ணீரை ஒன்றாகத் தூக்குகிறவர். மருமகள் மாசமாக இருந்துகொண்டே மாவாட்டுவதையும் துணி துவைப்பதையும் வந்தவர்களிடம் எல்லாம் பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்தார்.

பிரசவத்துக்கு முன் கடைசித் தடவை வந்தபோது அஞ்சலையும் கூட வந்தார். டாக்டர் அவரிடமே சொன்னார். பிள்ளை பெற்ற பிறகு அந்த ஹார்மோன்கள் சட்டென்று இறங்கிவிடும், இரண்டு மூன்று மாதத்துக்குள் நோய் திரும்பலாம், அப்போது உடனே கூட்டிவர வேண்டும். பிள்ளை பிறப்பதற்கு முன்பே இப்படி வாய் வைக்கிறார்களே என்று அஞ்சலை வராந்தாவில் எல்லோருக்கும் கேட்கும்படி சொல்லிவிட்டுப் போனார்.

பெண் குழந்தை. மூன்று கிலோ. செந்தில் ஆஸ்பத்திரி முழுக்க ஜாங்கிரி கொடுத்தான்.

மூன்றாம் மாதம் முடிகிறபோது ஒரு திங்கட்கிழமை காலையில் மூவரும் வந்தார்கள், அஞ்சலை, மலர்க்கொடி, குழந்தை. குழந்தையை மலர்க்கொடி விரலால் பிடிக்கவில்லை. இரண்டு முழங்கையிலும் ஏந்தியிருந்தாள். மணிக்கட்டுகூட மடங்கவில்லை. எத்தனை மணி பஸ் என்று கேட்டேன். பத்தே கால் பஸ்சுக்குக்கூட முடியவில்லை என்றாள். அழவில்லை. அழுது முடித்தவள் முகமாக இருந்தது.

டாக்டர் மூன்றாவது கேள்வியை மாமியாரிடம் கேட்டார். அஞ்சலை ஒளிவுமறைவில்லாமல் பதில் சொன்னார்.

"வயித்துல புள்ளய வச்சிக்கிட்டு எல்லா வேலையும் செஞ்சா டாக்டரம்மா. இப்ப புள்ளையத் தூக்க முடியலங்கறா. எண்ண பாட்டில் மூடிய திறக்க முடியலங்கறா. அப்ப இருந்த கை இப்ப எங்க போச்சு? ராவுல கண்ணு முழிக்க உடம்பு வணங்கல, நடிக்கிறா."

அவர் சொன்னதில் கெட்ட எண்ணம் இருந்ததாக எனக்குத் தோன்றவில்லை. கண்ணால் பார்த்ததை வைத்துக் கணக்குப் போட்டிருக்கிறார், அவ்வளவுதான். ஒன்பது மாதம் நல்ல கை. இப்போது கெட்ட கை. நடுவில் என்ன நடந்திருக்க முடியும்? ஹார்மோன் இறங்கும் என்று டாக்டர் சொன்னது அவருக்குச் சாபமாகத்தான் கேட்டிருந்தது. செந்தில் லாரியோடு போனால் மூன்று நாளைக்கு ஒரு தடவைதான் வீட்டுக்கு வருவான். மலர்க்கொடி மூன்று மாதமாக இரண்டு மணி நேரம் சேர்ந்தாற்போலத் தூங்கவில்லை. அதோடு நாள் முழுக்க நடிப்புக்காரி என்ற பேச்சும் காதில் விழுந்துகொண்டே இருந்தது.

டாக்டர் வாதாடவில்லை. உங்களுக்கும் ஒரு தடவை ரத்தம் பார்த்துவிடலாமா என்று அஞ்சலையிடம் கேட்டார். எனக்கு என்ன கேடு, எடுங்க என்றார் அவர். இரண்டு பேரையும் என்னிடம் அனுப்பிவிட்டு, ஒரு மணி நேரமும் பக்கத்திலேயே உட்காரட்டும் என்று மட்டும் சொன்னார்.

ஊசியைப் பார்த்ததும் அஞ்சலை மூக்குத்தி நடுங்க முகத்தைத் திருப்பிக்கொண்டார். அறுபது வயதில் அதுதான் முதல் ஊசி. எடுத்து முடித்ததும், குழாய் மாறிவிடக் கூடாது என்று தன் தலையில் இருந்த பூவிலிருந்து ஒரு துண்டு நாரைக் கிள்ளித் தன்னுடைய குழாயின் தலையில் தானே கட்டினார். ஒரே நேரத்தில் இரண்டையும் நிரப்பிக் கருங்கல் பலகை மேல் நிறுத்தினேன். எதிரே ஸ்டூல் போட்டு மூவரும் உட்கார்ந்தோம். குழந்தை மலர்க்கொடி மடியில் தூங்கிக்கொண்டிருந்தது.

முதல் பத்து நிமிடம் இரண்டு குழாயும் ஒன்றுபோலத்தான் இருந்தன. நான் அப்போதே சொன்னேனே என்பதுபோல அஞ்சலை என்னைப் பார்த்தார். கால் மணி நேரத்துக்கு மேல் மருமகளின் குழாயில் மேலே விரல் அகலத்துக்கு மஞ்சள் தெரிந்தது. அரை மணியில் அது நீண்டுகொண்டே போனது. நார் கட்டிய குழாயில் கோடு அசைந்ததா இல்லையா என்று உற்றுப் பார்க்க வேண்டியிருந்தது. வாசலில் ஒரு லாரி போனது. லேசான அதிர்வு. அஞ்சலை சட்டென்று இரண்டு கையையும் நீட்டி ஸ்டாண்டை அணைத்துக்கொண்டார். எம்மவன் லாரியா இருந்தாலும் நிறுத்தச் சொல்லும்மா என்றார். மலர்க்கொடிக்கே சிரிப்பு வந்துவிட்டது.

சரியாக ஒரு மணி நேரத்தில் படித்தேன். மாமியாருக்குப் பதினெட்டு. மருமகளுக்குத் தொண்ணூற்றாறு.

டாக்டர் அதற்குள் வந்து கதவோரம் நின்றிருந்தார். அஞ்சலை குழாயை விட்டுக் கண்ணை எடுக்காமலே கேட்டார்.

"அப்ப அவ நடிக்கலயா?"

"ரத்தத்துக்கு நடிக்கத் தெரியாதுங்க" என்றார் டாக்டர்.

அஞ்சலை எழுந்து போய்க் குழந்தையை எடுத்து என் மடியில் போட்டார். மருமகளின் வலது கையை எடுத்துத் தன் உள்ளங்கையில் வைத்து, ஒவ்வொரு கணுவாகப் பார்த்தார். கொதிக்குது என்றார். அந்தக் கையை அவர் அதற்கு முன் தொட்டுப் பார்த்ததே இல்லை என்று எனக்குப் பட்டது.  மலர்க்கொடி கையை இழுத்துக்கொள்ளாமல் விட்டுவைத்திருந்தாள்.

"நான் என்ன பண்ணணும்னு சொல்லுங்க டாக்டரம்மா."

"மாத்திரை நான் தரேன். தூக்கம் நீங்கதான் தரணும்."

தாய்ப்பால் கொடுக்கும்வரை பழைய வார மாத்திரை கூடாது. பால் கொடுப்பவர்களும் போடக்கூடிய மாத்திரையோடு, தினமும் காலையில் குறைந்த அளவில் ஸ்டீராய்டு கொடுத்தார். உடம்பே சுரக்கிற ஹார்மோனுக்கு ஒரு கைத்துணை மாதிரி அது என்றும், தானாக நிறுத்தவே கூடாது, நான்தான் படிப்படியாகக் குறைப்பேன் என்றும் மூன்று தடவை சொன்னார். அஞ்சலை மூன்று தடவையும் தலையாட்டினார்.

அவர் தூக்கம் கொடுத்த விதம் அந்த ஊரே அறிந்தது. ராத்திரியில் குழந்தை அவர் பக்கத்தில்தான். பால் குடிக்கும் நேரத்துக்கு மட்டும் கொண்டுவந்து மருமகள் பக்கத்தில் போட்டு, குடித்ததும் தூக்கிக்கொண்டு போய்விடுவார். காலையில் ஏழரை பஸ் வரும் வரை அவளை யாரும் கூப்பிடக் கூடாது. செந்தில் ஹாரன் அடித்துக்கொண்டு வந்ததற்கு வாசலிலேயே வைத்துத் திட்டு வாங்கினான். நடிப்பு என்று சொல்லிப்போன ஒரு நாத்தனாரைச் சொந்த மகள் என்றுகூடப் பார்க்காமல், குழாயில் பார்த்ததை எல்லாம் சொல்லி வாயை அடைத்திருக்கிறார். சொல்லும்போது தொண்ணூற்றாறு நூற்றைம்பது ஆகிவிட்டதாகக் கேள்வி.

அடுத்த மாதம் எழுபது. அதற்கடுத்து நாற்பத்து நான்கு. குழந்தைக்கு ஏழு மாதம் ஆனதும் தாய்ப்பாலை நிறுத்திவிட்டு, டாக்டர் பழைய வார மாத்திரையைத் தொடங்கினார். ஸ்டீராய்டைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்து நிறுத்தினார். அந்தக் கோடையில் இருபத்தாறு வந்தது. இந்தத் தடவை நான் சீட்டை எடுத்துக்கொண்டு வெளியே ஓடிப்போய், பெஞ்சில் உட்கார்ந்து, விளக்கமாகச் சொன்னேன். எவ்வளவு மாத்திரையால், எவ்வளவு தூக்கத்தால் என்று டாக்டரிடம் கேட்டேன். பெரும் பங்கு மாத்திரைதான், அதில் சந்தேகம் வேண்டாம், மாத்திரையில்லாமல் வெறும் நிம்மதியை மட்டும் கொடுத்து யாரையும் வீட்டுக்கு அனுப்பிவிடாதீர்கள் என்றார். மீதிப் பங்கை யாராலும் அளக்க முடியவில்லை, அதனால்தான் பென்சிலால் எழுதிவைக்கிறேன் என்றார்.

மலர்க்கொடி முந்திரி ஆலைக்குத் திரும்பினாள். உடைக்கும் வேலை வேண்டாம் என்று டாக்டர் கடிதம் கொடுத்ததில், பருப்பைத் தரம் பிரிக்கும் மேசையில் உட்கார வைத்தார்கள். முழுப் பருப்பு, பாதிப் பருப்பு, உடைசல் என்று பிரிக்க விரல் மெதுவாகப் போனால் போதும். பிறகு அவளே அந்த மேசைக்கு மேஸ்திரி ஆனாள்.

குழந்தைக்கு இரண்டு வயது முடிந்தபோது மூன்று பேரும் சோதனைக்கு வந்தார்கள். குழந்தை லேபுக்குள் ஓடி ஓடி என் ஸ்டூலைத் தள்ளிக்கொண்டிருந்தது. எல்லாம் நன்றாக இருந்த சந்தோஷத்தில் டாக்டர், அடுத்த குழந்தைக்கு எண்ணம் இருந்தால் இப்போதே சொல்லுங்கள், மறுபடி மாத்திரையை மாற்றித் திட்டம் போட வேண்டும் என்றார். மலர்க்கொடி வெட்கப்பட்டுக்கொண்டு மாமியாரைப் பார்த்தாள். முதல் குழந்தை உண்டாகும் வரை பேரன் பேத்தி என்று அவளை அரித்தெடுத்தவர் அஞ்சலை. நானும் என்ன சொல்லப்போகிறார் என்று பார்த்தேன்.

"அதெல்லாம் அவளா கேக்கட்டும் டாக்டரம்மா. அதுவரைக்கும் நல்லாத் தூங்கட்டும்."